சாம்பல்தீவில் இருந்து டவுனுக்கு வேலைக்குச் சைக்கிளில் போகலாமா? அதுவும் சேலையோடு?

சல்லிக்கரை:

வணக்கம். கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சாம்பல்தீவில் இருந்து திருகோணமலை டவுனுக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வரலாமா? போகிற ஆள் பெண், வயது முப்பத்தெட்டு, உடுப்பு சேலை.

எங்கள் வீட்டு வாசலில் இருந்து கந்தோர் வாசல் வரைக்கும் எட்டுக் கிலோமீற்றர் அளவில் வரும். இப்போது பஸ்தான். நிலாவெளிப் பக்கமிருந்து வருகிற பஸ் எங்கள் இடத்துக்கு வரும்போதே நிரம்பித்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் வாளிகள், கிளினிக்குக்குப் போகிற வயதானவர்கள், எல்லாருக்கும் அந்த ஒரு பஸ். படியில் கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். எட்டரைக்கு விரல் வைக்கிற மெஷினில் விரல் வைக்க வேண்டும், அதற்காக ஏழு மணிக்கே ரோட்டில் நிற்கிறேன். பஸ் விட்டால் ஓட்டோ. ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசை மாத முடிவில் கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

வீட்டுக்காரரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, ஆனால் அவருக்கு வேலை குச்சவெளிப் பக்கம். அவர் வடக்கே, நான் தெற்கே. ஸ்கூட்டி வாங்கு என்று கந்தோரில் எல்லாரும் சொல்கிறார்கள். லீசிங் கட்டி முடிப்பதற்குள் மூத்தவள் ஏ.எல். எழுதிவிடுவாள். எனக்கு விருப்பமில்லை.

சைக்கிள் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, அதுவும் கிடைக்காமல், பிறகு கியூஆர் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் என்று அளந்து ஊற்றினார்களே, அந்த நேரம் வீட்டுக்காரர் எங்கெங்கோ அலைந்து ஒரு லேடீஸ் சைக்கிள் கொண்டு வந்தார். லுமாலா, 26 அங்குலம், முன்னால் கூடை. சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன, பக்கத்து ஊர்க்காரர் நாங்கள் கானும் கையுமாக வரிசையில் நின்றோம். சரி, அந்தப் புலம்பல் இப்போது வேண்டாம்.

நான் கவனித்தது இதுதான். அந்த மாதங்களில் எங்கள் கந்தோரில் பெரிய ஐயாமார்கூடச் சைக்கிளில் வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போனால் ஒரு பெருமைகூட இருந்தது. 2023 செப்டெம்பரில் பங்கீடு நின்றது. உடனே எல்லாருடைய சைக்கிளும் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டது. இப்போது சைக்கிளில் போனால் பழையபடி ‘ஏன் பிள்ளை, வீட்டில் ஏதும் கஷ்டமோ’ என்ற கேள்விதான். உப்புவெளியில் வாடகைச் சைக்கிளில் வெள்ளைக்காரப் பெண்கள் உச்சி வெயிலில் போகிறார்கள். அவர்கள் ஓட்டினால் உல்லாசப் பயணம், நான் ஓட்டினால் வறுமை.

பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிள்தான் ஓடினேன், ஓடத் தெரியும். கவலையெல்லாம் வேறு. சேலை சில்லுக்குள் போகாதா? வேர்த்து ஒழுகிக் கொண்டு போய் ஆட்களுக்கு முன்னால் எப்படி இருப்பது? எங்கள் கந்தோரில் பெண்களுக்கு முகம் கழுவ ஒரு பைப் இருக்கிறது, அவ்வளவுதான். கச்சான் காலத்தில் பின்னேரம் நாலே காலுக்கு வெளிக்கிட்டால் தலை வெடிக்காதா? மாரியில் என்ன செய்வது?

இந்த ஊர்க்காரர்களும் சொல்லுங்கள், வேறு ஊர்களில், வெளிநாட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் சொல்லுங்கள். ‘உடம்புக்கு நல்லது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அது எனக்கும் தெரியும்.


பாலையூற்றார்:

தங்கச்சி, தாராளமாகப் போகலாம். பென்ஷன் எடுக்கும்வரை நான் துறைமுகப் பக்கம் வேலைக்குச் சைக்கிளில்தான் போனேன், இப்போதும் சந்தைக்கு அதே சைக்கிள்தான்.

எட்டுக் கிலோமீற்றர் ஒரு தூரமே இல்லை. அவசரப்படாமல் மிதித்தால் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வரும், அரை மணித்தியாலம் கொஞ்சம் கூட. நீங்கள் வரும் ரோட்டில் ஏற்றமும் பெரிதாக இல்லை. நம்முடைய ஊரில் மேடு ஒரு பொருட்டல்ல, காற்றைத்தான் பார்க்க வேண்டும். காற்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் கச்சான். தென்மேற்கில் இருந்து வருகிற காற்று. மழையையெல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, நமக்குச் சூட்டை மட்டும் கொண்டு வரும். ஆனால் விடிய ஏழு மணிக்கு அது எழும்பியிருக்காது. பத்து மணிக்குப் பிறகுதான் அதன் ஆட்டம். நீங்கள் காலையில் தெற்கே போகிறீர்கள், அப்போது காற்றுக் குறைவு. பின்னேரம் வடக்கே திரும்புகிறீர்கள், அப்போது காற்று முதுகில் தள்ளும். சூடு சூடுதான், மறுக்கவில்லை. ஆனால் மிதிக்கிற பாடு பாதி. ஆகவே கச்சானுக்குப் பயப்பட வேண்டாம், தண்ணிப் போத்தலும் தலைக்கு ஒரு துணியும் போதும்.

கரைச்சல் வாடையில்தான். ஐப்பசி பிறந்தால் காற்று வடகிழக்குக்கு மாறிவிடும். வேலை முடிந்து களைத்து வருகிற நேரம் அது முகத்துக்கு நேரே அடிக்கும், மழையும் சேர்ந்து வரும். களப்பு வெளியில் மறைப்பே இல்லை. அந்த மாதங்களில் காற்றோடு சண்டை பிடிக்காதீர்கள், மெதுவாக மிதியுங்கள், பத்து நிமிடம் பிந்தினால் பிந்தட்டும். மார்கழியில் ஆறு மணிக்கு முன்னமே இருட்டிவிடும், பின்னுக்குச் சிவப்பு லைட் கட்டாயம் வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னுகிற கண்ணாடித் துண்டு மட்டும் போதாது.

இன்னொன்று, நீங்கள் ஓடத் தொடங்கினால் தெரியும். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம். பின்னேரம் வடக்கே வரும்போதும் வெயில் இடது பக்கம்தான். ஆகவே இடது கன்னமும் இடது கையும் மட்டும் கறுக்கும். எனக்குத் தெரிந்து அந்த ரோட்டில் சைக்கிள் ஓடிய எல்லாருக்கும் இந்த அடையாளம் உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள்.

சைக்கிளைப் பற்றி. அது கோழிக்கூட்டுப் பக்கம் நின்றது என்றால் முதலில் டயரைப் பாருங்கள், பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். காற்று எவ்வளவு என்று டயரிலேயே எழுதியிருக்கும். பெண்கள் வழமையாகக் காற்றைக் குறைவாக வைத்து ஓடுவார்கள், மெத்தென்று இருக்கும் என்று. பெடல் பாரமாவதும் அதனால்தான். சீற்றையும் உயர்த்துங்கள். இருந்தபடி இரண்டு காலும் நிலத்தில் பதிய வேண்டும் என்று சீற்றைப் பதித்து வைத்தால் ஒரு மாதத்தில் முழங்கால் நோகும். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நிமிர வேண்டும், நிற்கும்போது விரல் நுனி முட்டினால் போதும்.

கடற்காற்று ஊர் இது, எல்லாம் துருப்பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் செயினைப் பழந்துணியால் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணலோடு சேர்ந்து களியாகி விடும். உங்களுடையது இரும்பு ரிம்மாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரும்பு ரிம் நனைந்தால் பிறேக் பிடிக்காது, மழையில் முன்கூட்டியே மெல்லப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வசதிப்பட்டால் அலுமினியத்துக்கு மாறுங்கள். கியர் சைக்கிள் வாங்கச் சொல்லி யாராவது கீழே எழுதுவார்கள், கேட்காதீர்கள். இந்தச் சமதரைக்குக் கியர் எதற்கு? உப்பில் இறுகுவதற்கு இன்னும் நாலு சாமான், அவ்வளவுதான்.

பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தால் பயந்து மண்ணுக்குள் இறங்காதீர்கள். தார் முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும், அதற்கப்பால் மணல். சறுக்கினால் பஸ் பக்கமாகத்தான் விழுவீர்கள். தார் விளிம்பில் இருந்து இரண்டு முழம் உள்ளே, நேராக ஓடுங்கள். ஓரத்தில் ஒட்டி ஓடினால் இடிக்கிற மாதிரி முந்துவான், கொஞ்சம் உள்ளே ஓடினால் விலத்திப் போவான். மாடுகளுக்கு எந்தச் சட்டமும் இல்லை, வேகத்தைக் குறையுங்கள். டவுனுக்குள் மான்களும் அப்படித்தான், ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும். நாய் துரத்தினால் மிதித்து ஓடாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடவுங்கள். அதற்குச் சலித்துவிடும்.


வெள்ளவத்தை வாடகைக்காரன்:

நானும் திருமலைதான், இப்போது கொழும்பில். வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்குச் சைக்கிளில் போகிறேன். அக்கா, உங்கள் ரோட்டை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. காலி வீதியில் ஒரே ஹோல்ட்டுக்கு இரண்டு பஸ் போட்டி போட்டுக்கொண்டு இடது பக்கம் வெட்டும்போது நடுவில் சைக்கிள்காரன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் மரைன் டிரைவ் வழியாகத்தான் போவேன். ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும், அந்தப் பக்கத்தில் இருந்தாவது ஒருவரும் வந்து இடிக்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் தண்ணி முகத்தில் தெறிக்கும், அதைத் தாங்கலாம்.

வேர்வையைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். பையை முதுகில் போடாதீர்கள். கரியரில் கட்டுங்கள், அல்லது கூடையில் வையுங்கள். முதுகு வேர்ப்பதில் முக்கால்வாசி அந்தப் பையால்தான். அப்புறம், போய் இறங்கியவுடன் முகம் கழுவாதீர்கள். பத்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே சும்மா இருங்கள், வேர்வை அடங்கட்டும், அதற்குப் பிறகு ஈரத்துவாயால் துடைத்தால்தான் பலன். இறங்கிய சூட்டோடு கழுவினால் கழுவக் கழுவ வேர்க்கும். எட்டரைக்கு விரல் வைக்க வேண்டும் என்றால் எட்டு மணிக்கே அங்கே நில்லுங்கள். பஸ்ஸுக்கு ஏழு மணிக்கு வெளிக்கிடுகிற உங்களுக்கு இது கஷ்டமே இல்லை.

பாலையூற்று ஐயா, ஒரு மூன்று கியராவது இருந்தால் வாடைக்கு உதவும் அல்லவா?


பாலையூற்றார்:

உதவாது.


கோண்டாவில் ரீச்சர்:

சகோதரி, நான் யாழ்ப்பாணம். ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் சேலையோடு சைக்கிள் ஓடினவள், ஆகவே இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

1990க்குப் பிறகு எங்கள் பக்கம் பொருளாதாரத் தடை. பெற்றோல் போத்தலில் விற்றார்கள், அதுவும் தங்க விலை. மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், புகை தாங்க ஏலாது. கரண்ட் இல்லை. இரவில் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் ரேடியோ வைத்துச் செய்தி கேட்டோம். டொக்டர்மார், கம்பஸ் விரிவுரையாளர்மார், கல்யாண மாப்பிள்ளை, எல்லாரும் சைக்கிள்தான். கௌரவம் என்ற பேச்சே அப்போது எழவில்லை. பாதை திறந்து மோட்டார் சைக்கிள் மலிந்த பிறகுதான் அந்தக் கௌரவமும் கூடவே வந்து சேர்ந்தது. நீங்கள் 2022 பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நாங்கள் இதை முப்பது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டோம்.

இனி சேலை. முதலில் உள்பாவாடையை மாற்றுங்கள். இப்போது கடையில் விற்கிற ஒடுங்கிய பாவாடையோடு பெடல் மிதிக்கவே ஏலாது, முழங்கால் பிடிக்கும். அகலமாக, கீழே ஆறு துண்டு வைத்துத் தைப்பியுங்கள். உள்ளே லெகிங்ஸ் போட்டால் காற்றுக்கும் பயமில்லை. சேலையைக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே உயர்த்திக் கட்டுங்கள், கந்தோரில் இறங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சரியாகிவிடும். கொய்யகத்தை அகலமாக, எண்ணிக்கை குறைவாக மடித்து, இடுப்புக்கு ஒரு சாண் கீழே உள்பக்கமாக ஒரு ஊசி. எல்லாவற்றையும் சேர்த்துக் குத்த வேண்டாம், மேல் மடிப்பை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும். முந்தானையை விரித்து விடாமல் மடித்துத் தோளில் குத்தி, மிச்சத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். முந்தானைதான் பின் சில்லுக்குள் போவது, கொய்யகம் அல்ல. எல்லாரும் கொய்யகத்துக்குப் பயந்துகொண்டிருப்பார்கள்.

கஞ்சி போட்ட கொட்டன் சேலை சரிவராது, போய்ச் சேரும்போது கசங்கிய கடதாசி மாதிரி இருக்கும். வொயில் நல்லது. நைலெக்ஸ் கசங்காது, ஆனால் வெயிலில் உடம்போடு ஒட்டும்.

சைக்கிளுக்குச் செயின் கவர் முழுதாக இருக்க வேண்டும், பாதிக் கவர் போதாது. பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் மட்காட்டில் இருந்து அச்சு வரைக்கும் வலை கட்டலாம். முன்பு லேடீஸ் சைக்கிளோடு அது வரும். இப்போது வராவிட்டால் தூண்டில் நூலால் வீட்டிலேயே பின்னலாம், உங்கள் ஊரில் வலை பின்னத் தெரிந்தவருக்கா பஞ்சம்!

சுடிதாரில் போய் கந்தோரில் சேலை மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை விரும்பவில்லை. ஒரு பைப் மட்டும் இருக்கிற இடத்தில் சேலை கட்டுவது சைக்கிள் ஓடுவதைவிடக் களைப்பு.

கஷ்டமோ என்று கேட்கிறவர்களுக்கு ‘டொக்டர் ஓடச் சொல்லியிருக்கிறார்’ என்று சொல்லுங்கள். எனக்கு எந்த டொக்டரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு ஒருவரும் மேலே கேட்டதில்லை, சிலர் ‘எனக்கும் சீனி இருக்கு’ என்று தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.


உவர்மலைப் பொடியன்:

நான் இப்போது நெதர்லாந்தில், ஊட்றெக்ட் நகரத்தில். ரீச்சர் சொன்ன அந்த வலை இங்கே கடையில் வாங்குகிற சாதாரணச் சைக்கிளிலேயே இருக்கிறது. பின் சில்லின் இரண்டு பக்கமும் மூடியிருக்கும், செயின் முழுவதும் ஒரு பெட்டிக்குள். நீண்ட கோட், பாவாடை போட்டவர்கள் அப்படியே ஏறி ஓடுவதற்காகத்தான். சீற்றில் நிமிர்ந்து உட்காரலாம், முன்னால் குனிய வேண்டியதில்லை. கால் தூக்கிப் போடாமல் ஏறலாம். பெரும்பாலும் ஒரு கியர், கூடினால் மூன்று. பாரமோ பாரம். ஆனால் கோட் சூட் போட்ட மனேஜரும் அதில்தான் வருகிறார், ஹெல்மெட்கூட இல்லை. சைக்கிளுக்கு ஏற்ற உடுப்பு என்று இங்கே ஒருவரும் யோசிப்பதில்லை, போட்ட உடுப்புக்கு ஏற்றபடி சைக்கிளைச் செய்திருக்கிறார்கள்.

ஊட்றெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள் விடுகிற இடம் 2019இல் முழுதாகத் திறந்தார்கள். முதல் 24 மணித்தியாலம் இலவசம். காலையில் அதற்குள் போனால், எந்த வரிசையில் இடம் இருக்கிறது என்று விளக்கு காட்டும். வேலைக்குப் போய் வருவதற்குக் கம்பனி 2024இல் கிலோமீற்றருக்கு 23 யூரோ சதம் வரையில் வரியில்லாமல் கொடுக்கலாம் என்று இருந்தது, சைக்கிளில் போனாலும் அது உண்டு.

இதை வாசித்துவிட்டு ‘அது வெள்ளைக்காரன் நாடு’ என்று விட்டுவிடாதீர்கள். அறுபதுகளில் இவர்களும் காருக்குப் பின்னால்தான் ஓடினார்கள், சைக்கிள் குறைந்துகொண்டே போனது. 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் 3,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். பெற்றோர் ரோட்டில் இறங்கிப் போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த நவம்பர் 4ஆம் திகதியில் இருந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசாங்கமே சொன்னது, சனம் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓடியது. அந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் தனிப் பாதைகள் போடத் தொடங்கினார்கள். எங்களுக்கும் 2022இல் அதே நெருக்கடிதான் வந்தது. எங்களுக்குக் கிடைத்தது கியூஆர் மட்டும். உப்புவெளியில் இருந்து டவுன் வரைக்கும் ஒரு பக்கம் ஒன்றரை மீற்றர் சைக்கிளுக்கு என்று பிரித்துவிட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த ரோட்டில் சைக்கிளில் போகிறார்கள்! திருகோணமலைக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தர், இதே நெதர்லாந்துக்காரர், போகும்போது இந்தப் புத்தியையும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அப்போது அவர்களிடமும் சைக்கிள் இல்லை, என்ன செய்வது.

காற்று இங்கேயும் அப்படித்தான். நாடு முழுவதும் தட்டை, மறைப்பில்லை, போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்று புலம்புவார்கள். பாலையூற்று ஐயா சொன்னபடி மெதுவாக மிதிப்பதுதான் வழி. கியர் விஷயத்தில் மட்டும் நான் வெள்ளவத்தைத் தம்பி பக்கம். அச்சுக்குள்ளேயே மூடியிருக்கிற மூன்று கியர் இருக்கிறது, உப்பும் மணலும் உள்ளே போகாது.


ஸ்காபரோ மூதூரான்:

கனடாவில் இருந்து சுருக்கமாக. ரொறன்ரோவில் பஸ்ஸின் முன்பக்கம் இரண்டு சைக்கிள் மாட்டுகிற சட்டம் இருக்கும். பாதி வழி சைக்கிள், பாதி வழி பஸ் என்று போகலாம். மழை பிடித்தால் மாட்டிவிட்டு ஏறிவிடுவேன். ஊரில் முன்பு பஸ் கூரையில் சைக்கிள் ஏற்றினார்களே, அதே வேலைதான், ஏறி இறக்கத் தேவையில்லை.

தனிப்பாதை போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். இங்கே புளோர் வீதியில் போட்ட பாதையை அகற்ற மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டமே கொண்டு வந்தது, நீதிமன்றம் வரை போனது.

பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புக் கொட்டுவார்கள். செயின் துருப்பிடிக்கிற கதை திருமலையைவிட மோசம். ஓடி முடிந்ததும் நல்ல தண்ணி ஊற்றித் துடைத்துக் காயவைத்துத்தான் எண்ணெய் விட வேண்டும், உப்பு மேல் எண்ணெய் விட்டால் பிரயோசனம் இல்லை.


சல்லிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

தொடங்கிவிட்டேன். ரீச்சர், பாவாடை நீங்கள் சொன்ன மாதிரியே தைப்பித்தேன், தையல்காரப் பிள்ளை ‘அக்கா, இது பழைய மொடல்’ என்று மூன்று தடவை சொன்னாள். வலையை மாமா ஒரு பின்னேரத்தில் பின்னித் தந்தார், பச்சை நிற மீன்வலை நூல், தூரத்தில் இருந்தே தெரியும். டயர் இரண்டும் மாற்றியாயிற்று. சீற்றை உயர்த்தினால் விழுந்துவிடுவேன் போல இருந்தது, ஆனால் இப்போது பழகிவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் வெளிக்கிட்டு எட்டு மணிக்குள் டவுனில் நிற்கிறேன். ஃபேனுக்குக் கீழே இருக்கிற யோசனை நன்றாக வேலை செய்கிறது, தம்பி. அந்த நேரத்தில் கந்தோரில் ஒருவரும் இல்லை என்பதால் எனக்குப் பிடித்த மேசையும் கிடைக்கிறது.

டொக்டர் வசனத்தைச் சொன்னேன். கேட்ட அக்கா உடனே தன் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார்.

ஒரு விஷயத்தில்தான் எரிச்சல். கந்தோர் வளவில் வாகனங்களுக்குக் கூரை போட்ட இடம் இருக்கிறது. அங்கே சைக்கிள் விடக்கூடாதாம், பின்னால் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் விடச் சொல்கிறார்கள். அங்கே வெயில், ஈரம் இரண்டும். பதிவு செய்த வாகனத்துக்குத்தான் கூரையாம். 2022இல் அதே கூரைக்குக் கீழே ஐயாமாரின் சைக்கிள்கள் வரிசையாக நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அவர்களுடைய சைக்கிளுக்கு யார் பதிவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். காவலாளி பாவம், சிரித்தார். எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கிறேன், என்னோடு இன்னும் இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். அதில் ஒருவர் சைக்கிள் ஓடுவதே இல்லை, ஆனாலும் வைத்தார்.

உவர்மலைத் தம்பி, ஒன்றரை மீற்றர் எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் எனக்கு இந்த ஆறடிக் கூரை கிடைக்கட்டும்.

பாலையூற்று அண்ணா, ஐப்பசிக்கு முன்னம் ரிம்மை மாற்றலாம் என்று யோசிக்கிறேன். அலுமினிய ரிம் போட்டால் இருக்கிற பிறேக்கே காணுமா?


பாலையூற்றார்:

உங்களுடையது கம்பிப் பிறேக்கா, வயர் பிறேக்கா என்று பாருங்கள் தங்கச்சி. ஹாண்டிலில் இருந்து கீழே இரும்புக் கம்பி போய், கட்டை ரிம்மின் உள்பக்கமாக மேலே இழுத்துப் பிடிக்கிறது என்றால் அது கம்பிப் பிறேக். அதற்கு அலுமினிய ரிம் சரிவராது, பிறேக் முழுவதையும் மாற்ற வேண்டி வரும், செலவு கூட. அப்படியென்றால் ரிம்மை விடுங்கள், கட்டையை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு மழையில் மெதுவாக ஓடுங்கள்.

வயராக இருந்து, கட்டை ரிம்மின் இரண்டு பக்கமும் கவ்வுகிறது என்றால் மாற்றலாம். முன் சில்லை மட்டும் மாற்றினாலே போதும், பிடி முழுக்க முன்னால்தான். பழைய கட்டையைத் திரும்பப் போட விடாதீர்கள், துரு ஏறிய கட்டை புது ரிம்மை அராவிவிடும். சில்லுக் கோர்க்கிற வேலையைக் கடைக்காரன் அவசரத்தில் செய்தால் ஒரு வாரத்தில் ஆட்டம் வரும். காலையில் கொடுத்துவிட்டுப் பின்னேரம் எடுங்கள், பக்கத்தில் நின்று அவசரப்படுத்த வேண்டாம்.